கிணற்றுக் கயிறும் காணி உறுதியும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் நன்னீர், சாதி, அகழ்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, பண்ணைக் கடலுக்கு அப்பால் கிடக்கும் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றில் பொக்சைற்றும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஒடிசாவின் மலைகளிலும் ஜார்க்கண்டின் நிலக்கரிப் படுகைகளிலும் பழங்குடி மக்களும் தலித் மக்களும் சுரங்க நிறுவனங்களை எதிர்கொண்ட வரலாற்றைப் படிக்கும் தீவக வாசகருக்கு, அது தம் மண்ணோடு ஒட்டாத கதையாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் நிலத்தின் கீழ் இருப்பது யாருக்குரியது, அதை எடுக்க யாருடைய சம்மதம் வேண்டும், எடுத்தபின் யாருடைய இழப்பு கணக்கில் சேரும் என்னும் மூன்று கேள்விகளும் இத்தீவுகளில் புதியவை அல்ல. அகழ்வு இயந்திரங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவை கிணற்றடியில் கேட்கப்பட்டுவிட்டன. தீவகத்தில் அகழ்வு என்பது இறுதியில் நன்னீர்ப் பிரச்சினையே. நன்னீர் அங்கு எப்போதும் சாதிப் பிரச்சினையாக இருந்து வந்திருக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்கும் பழக்கத்தால், வடபகுதியின் இன்றைய அகழ்வெதிர்ப்பு தன் முன்னோடிகளிற் சிலரை அடையாளம் காணாமலே இருக்கிறது.

குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தவை. அங்கு வற்றாத ஆறுகள் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரியிலேயே பெய்து, வெடிப்பும் துளையும் நிறைந்த கல்லினூடாகக் கீழிறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் அது உவர்நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் இப்படலத்தை நீரியலாளர் நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கக்கூடும் என்பது அவர்களின் பொதுக் கணக்கு. அக்கணக்கைத் திருப்பிப் படித்தால், மேல்மட்டத்தில் ஏற்படும் சிறு வீழ்ச்சிகூடக் கீழேயிருந்து உவர் ஏறுவதற்குப் போதுமானது என்பது விளங்கும். சிறிய, தாழ்ந்த தீவுகளில் இந்த வில்லை மிக மெல்லியது. ஆகவே ஒரே ஊரில் ஒரு கிணறு நன்னீராகவும் அடுத்த வளவுக் கிணறு வாயில் வைக்க முடியாத உவராகவும் இருப்பதில் வியப்பில்லை.

மணல் இந்தக் கணக்கில் தனியிடம் பெறுகிறது. வேலணைத்தீவின் அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி ஆகிய இடங்களின் மணற்பரப்பு மழைநீரை உறிஞ்சி வடிகட்டி மெதுவாகக் கீழே விடுகிறது. அதனாலேயே அப்பகுதிகளில் ஆழமற்ற கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைத்தது. சாட்டிக் கிணறுகள் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் குடிநீருக்கும் ஆதாரமாயின. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளுக்கு அத்தகைய மதிப்புண்டு. மண்கும்பான் மணலை வீடு கட்டும் பொருளாக மட்டும் பார்ப்பவர் ஒரு டிப்பர் மணலுக்கு விலை சொல்லிவிடலாம். அந்த மணல் தேக்கி வைத்த மாரி மழைக்கு விலை சொல்ல அவரிடம் அளவை இல்லை.

இத்தகைய நிலத்தில் நல்ல கிணறுள்ள காணி யார் கையில் இருந்தது என்பது வாழ்வுக்கான கேள்வி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, சீதனம், அடமானம் பற்றிய வழக்குகளோடு அடிமைகள் பற்றிய வழக்குகளையும் பதிவு செய்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அதில் அடிமைச் சாதிகளாகக் குறிக்கப்பட்டனர். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் காணி விற்பனையில் பங்காளருக்கும் உறவினருக்கும் முதலிடம் தரும் முன்கொள்வனவு உரிமை தொடர்ந்தது. 1947இல் அதற்குத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. விற்கும் காணி வெளியார் கைக்குப் போகாமற் காப்பது இவ்வுரிமையின் நோக்கம். காணியே இல்லாதிருந்தவர்கள் காணி பெறும் வழி அதனால் மேலும் குறுகியது. பஞ்சமர் என்ற பொதுப்பெயரால் சுட்டப்பட்ட வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகியோரிற் பெரும்பாலோர் பிறர் வளவுகளின் ஓரத்தில் குடியிருந்து, பிறர் பனைகளில் சீவல் தொழில் செய்து, பிறர் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்தனர். கிணறும் பிறருடையதே. கயிற்றையும் பட்டையையும் தொட அனுமதியின்றி, உயர்சாதியினர் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும் வரை வெறுங்குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே காத்து நிற்பது யாழ்ப்பாணச் சமூகத்தில் அன்றாட நடைமுறையாக இருந்தது. தண்ணீர் மறுக்கப்பட்டது என்று மட்டும் இதைச் சொல்வது போதாது. தண்ணீர் தரப்பட்டது, ஆனால் ஒவ்வொரு குடத்துக்கும் ஒருமுறை கீழ்ப்படிதல் வாங்கப்பட்டது.

இதற்கெதிரான அமைப்புசார் போராட்டம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிற்று. 1927இல் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கமும், 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் உருவாயின. பாடசாலைகளில் சம ஆசனம், தேநீர்க் கடைகளில் சம இடம், ஆலயப் பிரவேசம் ஆகியவை அடுத்தடுத்த கோரிக்கைகளாயின. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. எனினும் அச்சட்டத்தைக் கிராமத்தில் நடைமுறைப்படுத்த வேண்டிய பொலிஸார் பெரும்பாலும் தடுப்பவர் பக்கமே நின்றனர். 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸார் தாக்கியதும், அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்ததும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த மோதலும் நன்கு அறியப்பட்டவை. என். சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பங்கும், கே. டானியலின் நாவல்கள் அவற்றுக்குத் தந்த இலக்கிய வடிவமும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன.

அவ்வளவாகப் பேசப்படாதது புங்குடுதீவில் 1971இல் நடந்தது. அங்குக் கண்ணகை அம்மன் கோயிலை அண்டிய நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தாமே நீரள்ளும் உரிமையைக் கோரி ஒரு சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர் அவ்வூரவரான எழுத்தாளர் மு. தளையசிங்கம். 1935இல் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஆசிரியராகப் பணியாற்றிய அவர், போர்ப்பறை, மெய்யுள் முதலிய நூல்களால் ஈழத்து இலக்கியச் சிந்தனையில் நிலையான இடம் பெற்றவர். யாழ்ப்பாணத்தின் இடதுசாரி இலக்கியக்காரரோடு அவருக்கு ஆழ்ந்த கருத்து முரண்பாடு இருந்தது. வர்க்கப் போராட்டத்தை மட்டும் நம்புவது மனித விடுதலைக்குப் போதாது என்று கருதிய அவர், சர்வோதய வழியைப் பற்றிக் கொண்டு ஊரில் இயங்கினார். ஆகவே குடாநாட்டின் கோயில் வாயில்களில் செங்கொடியின் கீழ் நடந்த போராட்டமும், புங்குடுதீவுக் கிணற்றடியில் காந்திய வழியில் நடந்த போராட்டமும் கொள்கையளவில் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்தவை. அரசு இரண்டையும் ஒரே முறையிற்றான் எதிர்கொண்டது. நாட்டில் அவசரகால நிலை நடப்பிலிருந்த அந்த ஆண்டில் தளையசிங்கம் கைது செய்யப்பட்டுப் பொலிஸாரால் தாக்கப்பட்டார். 1973 ஏப்ரலில் தமது முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். அத்தாக்குதலே அவர் உடல்நலத்தைக் குலைத்தது என்று அவரை அறிந்தோர் கருதினர்.

இலக்கிய வரலாறு இந்நிகழ்வை ஒரு சிந்தனையாளரின் வாழ்க்கைக் குறிப்பாகவே பெரும்பாலும் கொள்கிறது. தத்துவத்தைச் செயலில் காட்டியவர் என்ற புகழுரையில் கிணறு பின்னணிக் காட்சியாகச் சுருங்கிவிடுகிறது. குடத்தோடு முன்சென்ற, சத்தியாக்கிரகம் முடிந்தபின்னும் அதே ஊரில் அதே காணிக்காரர்களிடம் கூலிக்குப் போக வேண்டியிருந்த மக்கள் அரிதாகவே பெயர் பெறுகின்றனர். ஆனால் அக்கோரிக்கையின் தன்மை கவனித்துப் பார்க்கத்தக்கது. அவர்கள் கிணற்றைத் தமக்குத் தரும்படி கேட்கவில்லை, புதிய கிணறு வெட்டித் தரும்படியும் கேட்கவில்லை. கிணறு யாருடையதாக இருந்தாலும், அதன் அடியில் ஊறும் நீர் ஊருக்குப் பொது என்பதே அவர்கள் நிறுவ முயன்றது.

இதே வாதம் மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் 1927 மார்ச்சில் எழுந்தது. அங்குள்ள சவுதார் குளத்தில் அம்பேத்கரின் தலைமையில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் நீரருந்தியபோது, எதிர்த்தரப்பினர் முதலில் தடியையும் பின்னர் நீதிமன்றத்தையும் நாடினர். குளம் தமக்குரிய தனிச் சொத்து என்பதும், தீண்டத்தகாதோரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்பதும் அவர்களின் வாதங்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 1937இல் தீர்ப்பளிக்கும் வரை பத்தாண்டுகள் அவ்வழக்கு இழுபட்டது. வழக்கத்தையும் சொத்துரிமையையும் மாறிமாறிக் கேடயமாகப் பிடிப்பது சாதியின் பழைய உத்தி. ஒன்று சட்டத்தால் உடைந்தால் மற்றொன்று கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கத்தைக் குற்றமாக்கிற்று. சொத்துரிமையை அது தொடவில்லை.

1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்துள் நுழைந்தபின் அச்சொத்துரிமை விசித்திரமான உருவெடுத்தது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். வசதியும் வெளிநாட்டு உறவும் உடையோர் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து எனக் குடியேறினர். யார் போனார், யார் நின்றார் என்பதும் சாதிப் படிநிலையை ஒட்டியே பெரிதும் அமைந்தது. குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலும் இதே நிலைதான்: அங்கிருந்து இடம்பெயர்ந்து பல பத்தாண்டுகளை நலன்புரி முகாம்களிற் கழித்தவர்களிற் கணிசமானோர், மீளப் போவதற்குச் சொந்தக் காணியோ வாங்குவதற்குப் பணமோ இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினரே. தீவகத்தில் இன்று உறுதி ஒரு நாட்டிலும், உறுதிக்காரரின் அற்றோர்ணித் தத்துவம் யாழ்ப்பாண நகரிலும், காணியின் ஓரத்தில் குடியிருந்து அதன் கிணற்றில் அள்ளுபவர் தீவிலும் இருப்பது அரிதன்று.

அகழ்வுச் சட்டம் இந்த மூவரில் யாரைப் பார்க்கிறது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, மேல்மண் யாருடையதாயினும் கீழுள்ள கனியங்கள் குடியரசுக்கு உரியவை. அவற்றை அகழ்வதற்கு அதே சட்டத்தால் நிறுவப்பட்ட புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மணலும் சுண்ணக்கல்லும் இச்சட்டத்தின் பொருளில் கனியங்களே. விண்ணப்பிப்பவர் காணியின் உரிமையை அல்லது உரிமையாளரின் சம்மதத்தைக் காட்ட வேண்டும். ஆகவே அரசு கனியத்தின் பேரிலும் உறுதிக்காரர் மேல்மண்ணின் பேரிலும் பேசுகின்றனர். நீரின் பேரில் பேச யாருமில்லை, ஏனெனில் கனியங்களுக்குள்ளது போன்ற தெளிவான உரிமைப் பிரிவு நிலத்தடி நீருக்கு இலங்கைச் சட்டத்தில் இல்லை. அனுமதியின்றி இரவில் டிப்பரிலும் உழவு இயந்திரத்திலும் ஏற்றப்படும் மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அனுமதிபெற்ற அகழ்விலுங்கூட, அடுத்த வளவில் உவரேறும் கிணற்றில் அள்ளுபவருக்குக் கையொப்பமிடும் இடம் எதுவும் படிவத்தில் ஒதுக்கப்படவில்லை.

அகழ்வைத் தமிழ்ச் சமூகம் எப்போதும் ஐயத்தோடு பார்த்ததில்லை. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபோது, அதற்கான சுண்ணக்கல் அருகிலேயே வெட்டப்பட்டது, களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. வடபகுதியின் தொழில் வளர்ச்சிக்கு அடையாளமாக அது கொண்டாடப்பட்டது. அன்றைய வேலைவாய்ப்புக் கணக்கில் அக்கொண்டாட்டத்துக்கு நியாயமுண்டு. 1990இல் போரால் ஆலை நின்றது. வெட்டிய பள்ளங்கள் நிற்கின்றன. அந்த அனுபவத்தின் நிழலில்தான் பொன்னாவெளியின் எதிர்ப்பை வாசிக்க வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவில், வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களை அடுத்துள்ள பொன்னாவெளியில், தனியார் சீமெந்து ஆலையொன்றுக்குச் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை எதிர்த்து மக்கள் 2023 முதல் தொடர் போராட்டம் நடத்தினர். கல்லை வெட்டினால் கடல்நீர் உட்புகும் என்பதே அவர்களின் முதல் வாதம். 2024 ஏப்ரலில் அங்கு சென்ற அப்போதைய அமைச்சர் டக்ளஸ் தேவானந்தாவுக்கு மக்களின் எதிர்ப்பால் திரும்ப நேர்ந்தது. தீவகத்தை நெடுங்காலம் தம் அரசியற் தளமாக வைத்திருந்தவருக்கு நன்னீர் வில்லையைப் பற்றி மீனவக் கிராமத்தார் பாடம் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மன்னார்த்தீவில் இல்மனைற் முதலிய கனிய மணலுக்காக அவுஸ்திரேலிய நிறுவனமொன்று நடத்திய துளையிடல்களுக்கும், பின்னர் காற்றாலைகளுக்கும் எதிராக எழுந்த போராட்டம் 2025இல் பல வாரங்கள் நீடித்தது. மட்டக்களப்பின் வாகரைக் கரையோரம் இதே கனிய மணல் பற்றிய எதிர்ப்பைக் கண்டது. அங்கு வாழ்வோரில் கரையோர வேடர்களும் உள்ளனர்.

இந்தியாவின் நியம்கிரி இவற்றோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் வழக்கமாகச் செய்யப்படும் உணர்ச்சிகரமான ஒப்பீடு உதவாது. ஒடிசாவின் ராயகடா, களஹண்டி மாவட்டங்களில் பரந்த அம்மலையை டொங்ரியா கோண்டு மக்கள் தம் தெய்வமாகிய நியம் ராஜாவின் இருப்பிடமாகக் கொள்கின்றனர். மலையுச்சியின் பொக்சைற்றை லாஞ்சிகர் அலுமினா ஆலைக்குக் கொண்டு செல்ல வேதாந்தா நிறுவனம் முனைந்தது. 2013 ஏப்ரல் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், அம்மலையின் மீதான பண்பாட்டு, சமய உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்க வேண்டும் என்றது. அவ்வாண்டு ஜூலை முதல் ஆகஸ்ட் வரை கூடிய 12 சபைகளும் ஒருமனதாக மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. பொக்சைற்று அடுக்கு மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு விடுகிறது என்பதும் அங்கு ஒரு வாதமாக இருந்தது. மண்கும்பான் மணலின் இயல்போடு அது நெருங்கியது.

அவ்வெற்றிக்கு அடிப்படை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சபையில் கைதூக்குவதற்கு ஒருவர் காணி உறுதி காட்ட வேண்டியதில்லை, அக்கிராமத்தின் வயதுவந்த குடியிருப்பாளராக இருந்தாற் போதும். அதே சட்டம் தலித்துகளிடம் கடுமையாகவும் நடந்துகொள்கிறது. பட்டியல் பழங்குடியினர் அல்லாதோர் வன உரிமை கோர வேண்டுமெனில், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். தலைமுறை தலைமுறையாக இடம்விட்டு இடம் துரத்தப்பட்டவர்களிடம் நிலையான வாழ்வின் சான்று கேட்கப்படுகிறது. பழங்குடி என்ற அடையாளம் சட்டத்தில் ஒரு கதவைத் திறக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதி என்ற அடையாளத்துக்கு அக்கதவு பாதிதான் திறக்கும்.

தீவகத்தில் அந்தப் பாதிக் கதவும் இல்லை. அங்கு முதற்குடி என்று சட்டம் ஏற்ற சமூகம் ஏதும் கிடையாது. பழங்குடி மக்கள் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தவுமில்லை. எனவே பொன்னாவெளியிலும் மன்னாரிலும் எதிர்ப்பு, மண்ணின் மக்கள் என்ற தமிழ்த் தேசியச் சொல்லாட்சியிலேயே பெரும்பாலும் பேசுகிறது. கொழும்பின் முன் அது வலுவான மொழி. ஊருக்குள் அது ஒரு மௌனத்தையும் கொண்டுவருகிறது. புத்தூரின் கலைமதிக் கிராமத்தில் குடியிருப்புக்கு நடுவே மயானத்தில் பிணம் எரிப்பதை எதிர்த்து ஒடுக்கப்பட்ட மக்கள் 2017இல் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தபோது, எதிர்த்தரப்பில் இருந்தவர்களும் தமிழரே என்பதால், மண்ணின் மக்கள் என்ற சொல் அவர்களுக்கு உதவவில்லை. நிலம், காற்று, நீர் ஆகியவற்றின் மீதான உரிமைக் கோரிக்கை என்ற வகையில் கலைமதியும் பொன்னாவெளியும் ஒன்றே. ஆனால் பொன்னாவெளி சூழலியலாகவும் கலைமதி சாதித் தகராறாகவும் பதிவாகின்றன.

இதற்கிடையே, வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீரைப் பெறும் ஆலை 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் முன்னரே சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. குழாய்நீருக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. கிணற்றடியின் கீழ்ப்படிதலை அது நீக்குகிறது. ஆனால் குழாய் வந்துவிட்டது என்பதே கிணறுகளை இனிக் காக்கத் தேவையில்லை என்பதற்கும், மணலை அள்ளுவதால் யாருக்கும் நட்டமில்லை என்பதற்கும் வாதமாகலாம். மாதப் பட்டியலைக் கட்ட இயலாமற் கிணற்றுக்கே திரும்பும் குடும்பங்கள் எவையென்று பார்த்தால், 1971இல் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றடிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றுள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வேலணைப் பிரதேசத்தில் மணல் அகழ்வுக்கு அடுத்த விண்ணப்பம் வரும்போது, காணி உரிமையாளரின் சம்மதத்தோடு அக்காணியைச் சுற்றியுள்ள கிணறுகளைப் பயன்படுத்தும் குடியிருப்பாளர் அனைவரின் கூட்டத் தீர்மானத்தையும் இணைக்கும்படி பிரதேச செயலகமும் பணியகமும் கேட்குமானால், உறுதியில்லாத ஒருவரின் பெயர் முதன்முறையாக ஓர் அகழ்வுக் கோப்பில் இடம்பெறும்.